கைக்குட்டைகளில் எழுந்த பழுப்பு

விரல் நுனியை நாக்கில் தொட்டு, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டினான். சுர்ரென்றது. சூடு போதும். அம்மாவின் கட்டிலருகே இருந்து தூக்கிவந்த கைக்குட்டை அடுக்கில் மேலே இருந்ததை எடுத்து உதறப் போனவன், உதறாமல் மடிப்பை மட்டும் பார்த்தான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான். பிறகு முதலாவதை மேசையில் விரித்து, இடது உள்ளங்கையால் நீவிவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பெட்டியை ஓட்டினான். வெள்ளைத் துணியின் நடுவில், பெட்டி போன வழியில், பழுப்பாக ஒரு வட்டம் மெல்ல எழுந்தது.

"பெரியம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

நான் உள்ளறையில் அவன் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு. அங்கேருந்தே சொல்லு."

"இல்ல, வந்து பாக்கணும்."

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். முறையாகப் பயிற்சி எடுத்தவள். கூப்பிட்டதற்கெல்லாம் ஓடினால் இந்த வயதில் முட்டி தாங்காது. குரலைப் பார்த்துத்தான் எழுந்திருப்பேன். அந்தக் குரலுக்கு எழுந்தேன்.

பார்த்ததைச் சொல்வதற்கு முன் அவனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பழைய கைக்குட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றும்.

பெரிய சலவைக்கூடம் ஒன்றில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவன் அவன். அங்கே அவனுக்கு 'மடிப்பு' என்று பெயர். அவன் போட்ட மடிப்பில் காய்கறி நறுக்கலாம் என்பார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை, பக்கத்தில் நீராவி. முதுகு விட்டுப்போனது. கொதிகலன் அறையில் இருந்த கூட்டாளி ஒருவன் வெள்ளித்தாளில் தூளை வைத்துச் சூடுகாட்டி, புகையை இழுக்கக் கொடுத்தான். ஹெராயின். "முதல் தடவையே முதுகுவலி போச்சு பெரியம்மா. கூடவே மனசுல இருந்த பாரமும் போச்சு. ரெண்டும் சேந்து போனா யாருக்குத்தான் கசக்கும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறான்.

கசக்கவில்லை என்பதுதான் வம்பு. சில மாதங்களுக்குப் பிறகு அதில் சுகமும் இல்லை, மண்ணும் இல்லை. இழுக்காவிட்டால் மூக்கு ஒழுகும், மயிர்க்கால் குத்திட்டு நிற்கும், கால் தானாக உதைத்துக்கொள்ளும், வயிறு கலங்கும், எலும்புக்குள் யாரோ நடப்பது போலிருக்கும். மற்றவர்கள் காலையில் எழுந்தாலே கிடைத்துவிடும் சாதாரண நிலைக்கு வர அவனுக்குத் தூள் வேண்டியிருந்தது. வெளியில் இருப்பவர்கள் இதைத்தான் கொழுப்பு என்கிறார்கள். நானும் பயிற்சிக்குப் போகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புகை போதாமல் ஊசிக்குப் போனான். வேலை போனது. இஸ்திரி போடுகிறவன் தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியையே விற்றான். அவன் அக்கா, பேருந்து ஓட்டுகிறவள், அந்த மாதம் முழுக்கக் கசங்கின சீருடையோடு வண்டி ஓட்டியதை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

பிறகு போதை மறுவாழ்வு விடுதி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே சில மாதங்கள் ஒன்றும் தொடாமல் இருந்து, கன்னத்தில் சதை பிடித்து வீட்டுக்கு வந்தான். எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்ட வாரத்தில், ஒரு மதியம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். விட்டிருந்த நாட்களில் உடம்பு அந்த அளவை மறந்துவிட்டது; கை மறக்கவில்லை. அப்படித்தான் பலபேர் போய்ச் சேருகிறார்கள். உண்டதும் சற்றுக் கண்ணயர்ந்திருந்த அம்மா, குழாய்ச் சத்தம் நின்றபிறகு வேறெதுவும் கேட்கவில்லையே என்று எழுந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் காலமெல்லாம் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு வேலைபார்த்தவள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது அவளுக்கு மூச்சிலேயே தெரியும். பக்கத்துவீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார்கள். உதடு நீலமாகியிருந்தது. ஆம்புலன்சில் வந்தவர்கள் மூக்கில் மருந்து அடித்து எழுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, குளியலறைத் தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டேன். "உள்ள போறவங்க ஏதாவது பாடணும். நிறுத்தக் கூடாது" என்றாள் அக்கா. யார் குளித்தாலும் முனக வேண்டும். கட்டிலில் இருந்தபடி அம்மா நடுநடுவே "ம்" என்பாள். கேட்கிறது, தொடரலாம் என்று பொருள். எனக்குப் பாட்டு வராது. மருந்துகளின் பெயர்களை ராகம் போட்டுச் சொன்னேன். அதற்கும் "ம்" வந்தது.

இந்த முறை அவன் மருந்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை. அது தூளுக்கான நச்சரிப்பை அடக்கும்; ஆளை மயக்காது. தினமும் காலையில் மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரர் முன்னாலேயே கரைக்க வேண்டும். கரைந்ததும் அவர் சொல்வார்: "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. சரி, கிளம்பு." மாத்திரையை ஒளித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்கான சோதனை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவனும் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, சலவைக்கூடத்துக்குப் போய் மறுபடியும் சட்டைகளுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒண்ணை விட்டு ஒண்ணைப் பிடிச்சிருக்கான். இது எப்ப நிக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். "நீ கண்ணாடி போட்டுத்தானே வண்டி ஓட்டுற? அதை எப்ப கழட்டப்போறன்னு யாராவது கேட்டாங்களா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கண்ணாடியைக் கழற்றவில்லை.

இந்த நிலையில்தான் அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதினார். தித்திப்புப் பாகில் கலந்த மருந்து. அதுவும் ஹெராயினும் ஒரே குடும்பம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் புட்டியை இந்த வீட்டில் எங்கே வைப்பது? அக்கா தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு சாவி அவள் கழுத்தில், இன்னொன்று என் இடுப்பில். காலையும் இரவும் அவள் கொடுப்பாள், நடுவில் நான்.

முதல் சில நாள் அடங்கின வலி, பிறகு கொடுத்தும் அடங்கவில்லை. புரட்டிப் படுக்கவைத்தால் அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். மருத்துவர் அளவைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். வலி அப்படியே இருந்தது. அக்காவின் பார்வை தம்பி மேல் போக ஆரம்பித்தது.

இவ்வளவுதான் முன்கதை. நான் இஸ்திரி மேசைக்குப் போனேன்.

"இது என் மடிப்பு இல்ல பெரியம்மா" என்றான் மெதுவாக. "நான் முனைக்கு முனை பிடிச்சு மூணா மடிப்பேன். இது ரெண்டா மடிச்சிருக்கு. அம்மா மடிப்பு. அழுக்குக் கூடைக்குப் போகாம, அப்படியே காயவெச்சு மடிச்சு, சுத்தமான அடுக்குல திரும்ப வெச்சிருக்காங்க."

"சரி, இந்தப் பழுப்பு?"

"சர்க்கரை. துணியில சர்க்கரைத் தண்ணி பட்டு அலசாமக் காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. பெட்டி பட்டா கருகி மேல வந்துரும். ஹோட்டல் மேசைவிரிப்புல தினம் பாக்குறேன்." கைக்குட்டையை நீட்டினான். "மோந்து பாருங்க."

முகர்ந்தேன். பாகு வாசனை. நான்தானே தினமும் ஊற்றுகிறேன், தெரியாதா? மருந்தை வாயில் வாங்கி, நாம் திரும்பியதும் கைக்குட்டையில் உமிழ்ந்திருக்கிறாள். மார்ஃபின் குடிப்பவர்களுக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். இவளுக்கு வரவில்லை. நான் கொடுத்த மலமிளக்கி அருமையாக வேலைசெய்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அவன் கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு நின்றான். நெற்றியில் வியர்வை. பெட்டியின் சூடு மட்டும் இல்லை.

"சப்பினியா?" என்றேன்.

"இல்ல."

"தோணுச்சா?"

"கைக்குட்டை கையில இருந்தப்போ... தோணுச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"நல்லது. மத்ததையும் எடு." எல்லாவற்றையும் வாங்கி வாளித் தண்ணீரில் முக்கினேன். பழுப்பு எழுந்த ஒன்றை மட்டும் அவன் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அக்காகிட்ட காட்டணும். சொன்னா நம்பமாட்டா."

அக்கா அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து நேராக வந்தவள், தம்பி சட்டைப்பையில் எதையோ திணிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா அது? எடு வெளிய."

"அக்கா, சொல்றேன் இரு..."

"நீ சொல்லவேணாம். எனக்குத் தெரியும். புட்டில தண்ணி கலந்துட்ட, இல்ல? அதானே, இவ்ளோ ஊத்தியும் அம்மாவுக்கு ஏன் கேக்கலன்னு பாத்தேன்!"

"சாவி உன் கழுத்துல தொங்குது. நான் எப்படிக் கலப்பேன்?"

"நீயா? பூட்டின அலமாரியில இருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தவன் ஆச்சே! எங்க, கண்ணைக் காட்டு. கண்ணுப் பாப்பா சுருங்கியிருக்கா பாக்கறேன்."

"என் கண்ணைப் பாத்து என்ன பண்ணுவ? நான் போடுற மாத்திரையே கொஞ்சம் சுருக்கும். அம்மா கண்ணைப் போய்ப் பாரு. இவ்ளோ மருந்து உள்ள போயிருந்தா கடுகு மாதிரி இருக்கணும்."

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்; இருவரும் பின்னால் வந்தார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அந்தக் காதுக்குக் கேட்காதது என்ன இருக்கிறது? தாடையைப் பிடித்துத் திருப்பினேன். கண்மணிகள் நன்றாக விரிந்திருந்தன. வலியில் விரிந்த கண்கள். தம்பி கைக்குட்டையை எடுத்துப் போர்வைமேல் விரித்தான்.

அக்கா அந்தப் பழுப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "துப்பிட்டியாம்மா? எல்லாத்தையுமா?"

"கொஞ்சம் உள்ள போயிரும். மிச்சத்தைத்தான்." பிடிபட்ட பிள்ளையின் முகம்.

"ஏம்மா? நான் உயிரைக் கொடுத்து ஓடி வந்து ஊத்துறேன், நீ துப்பிக்கிட்டே இருக்கியா? பைத்தியமா உனக்கு?"

"முதல்ல நாலு நாள் முழுங்கினேன்டி. வலி போச்சு. அப்படியே தூங்கிட்டேன்." அம்மா மகனைப் பார்க்காமல் போர்வையைத் தடவினாள். "நான் தூங்கினா இவன் சத்தத்தை யாரு கேப்பா? அன்னைக்கு மட்டும் நான் எழுந்திருக்கலைன்னா... வலி இருந்தாத் தூக்கம் வராது. வலியே நல்லது."

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லவேண்டியவள் நான் இல்லை.

தம்பி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அம்மாவின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கட்டைவிரலால் உள்ளங்காலை நீவினான்; துணியை நீவுகிற அதே நீவல்.

"அம்மா, நான் எந்திரிச்சு நிக்கிறதே உனக்கு வலி இல்லாம இருக்கணும்னுதான். நீ எனக்காக வலியோட கிடந்தா, நான் எதுக்கு தினம் அந்த ஆளுகிட்ட போய் நாக்கைத் தூக்குறேன்?"

"நான் பாத்துக்கலைன்னா..."

"நீ பாத்ததாலதான் உயிரோட இருக்கேன். இல்லேன்னு சொல்லல. ஆனா காவல்காரனுக்கும் ஆள் மாத்துவாங்கம்மா. நீ லீவு போடு."

"யாரு மாத்துவா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி சரி, அப்புறம் பேசிக்கலாம். முதல்ல மருந்து. இன்னைக்கு என் கண்ணு முன்னால முழுங்குற." கழுத்துச் சாவியை இழுத்துக்கொண்டு போய்ப் புட்டியோடு வந்தாள். அளவுக் குப்பியில் ஊற்றினாள். கூட்டிக் கூட்டிப் போன அளவு. ஏறக்குறைய குப்பி நிறைய. அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோனாள். அம்மாவும் சமாதானமாக வாயைத் திறந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். அவன் கை முந்திக்கொண்டது. அக்காவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்.

"விடுடா! மருந்து மேல கை வைக்காத! எனக்குத் தெரியும்டா, எனக்குத் தெரியும்..."

"கொடுக்காதக்கா! அம்மா உடம்புக்கு இது பழக்கமில்ல!" அவன் குரல் உடைந்திருந்தது. "குடிச்சிட்டிருக்காங்கன்னு நெனச்சுத்தான் டாக்டர் அளவைக் கூட்டினாரு. அவங்க குடிக்கவே இல்ல. திடீர்னு இவ்ளோ போனா மூச்சு நின்னுரும். நான் அப்படித்தான் செத்தேன்."

குப்பியிலிருந்து ஒரு கோடு வழிந்து அவன் விரல்மேல் இறங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். சட்டையில் துடைக்கவில்லை, விரலை அப்படியே நீட்டிக்கொண்டு, "பெரியம்மா, ஈரத் துணி" என்றான். துடைத்துவிட்டேன்.

"அவன் சொல்றது சரி" என்றேன். "குப்பியைக் கீழ வை. கைய ஆட்டாம வை."

வைத்தாள். வைத்தபிறகு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற கை.

மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆரம்பத்தில் எழுதிய சிறிய அளவிலிருந்து தொடங்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். போதாவிட்டால் தன்னைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும் என்றார். அக்கா மறுபடி அளந்தாள். அம்மா விழுங்கினாள். கொஞ்சநேரத்தில் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. நான் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தேன், சீராகத்தான் வந்தது.

தம்பியின் மருந்துக்கடைக்காரர் கொடுத்திருந்த, மூச்சு அடங்கினால் அடித்து எழுப்புகிற மூக்கு மருந்து அலமாரித் தட்டில் தூசு படிந்து கிடந்தது. அதை எடுத்துவந்து, எப்படித் தலையைச் சாய்க்க வேண்டும், எங்கே அமுக்க வேண்டும், அடித்தபிறகு ஆம்புலன்சை அழைத்துவிட்டு எப்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தேன். அவள் தலையணையை ஆளாக வைத்துக்கொண்டு செய்து பார்த்தாள்.

"தலையணை பொழைச்சிருமா?" என்றான் தம்பி கதவருகிலிருந்து.

"நீ வாய மூடு. உனக்காகத்தான் கத்துக்கறேன்." பிறகு அவனைப் பார்க்காமலே, "கையைப் பிடிச்சியே, வலிக்குதுடா" என்றாள்.

"என்மேல தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? வலிக்குதுன்னேன்." அத்தோடு அவள் மன்னிப்பு முடிந்தது. அந்தக் குடும்பத்தில் அதுவே அதிகம்.

மறுநாள் காலை நான் போனபோது, அக்கா தன் மெத்தையை அம்மாவின் அறைக்கும் தம்பியின் அறைக்கும் நடுவில் போட்டுத் தூங்கி எழுந்து, அதைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேலைமுறையைப் பிற்பகலுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாளாம். தம்பி மருந்துக்கடைக்குப் போயிருந்தான். அவன் வந்ததும் அக்கா அலமாரியைத் திறந்து, மருத்துவர் சொன்ன அளவை ஊற்றிக் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள்.

அவன் கட்டில் முன் நின்று, கடைக்காரரின் குரலிலேயே சொன்னான்: "வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

அம்மா திறந்தாள். தூக்கினாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம்.

"சரி, கிளம்பு" என்றான்.

"எங்கடா கிளம்புறது? நீ காட்டு" என்றாள் அம்மா. அவனும் குனிந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். அவள் உற்றுப் பார்த்துத் தலையாட்டினாள். புதிதாக இஸ்திரி போட்டு மூன்றாக மடித்த கைக்குட்டை ஒன்றை அவன் அவள் கைக்குள் வைத்தான். சற்றுநேரத்தில் அவள் தூங்கிப்போனாள். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவன் வேலைக்குப் போகக் குளிக்கப் போனான். குழாய் திறந்தது. முனகல் ஆரம்பித்தது. கட்டிலில் இருந்து "ம்" வரவில்லை. முனகல் தயங்கியது, நின்றது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா, கையில் நுரையோடு, தலையை நிமிர்த்தினாள்.

"ம்" என்றாள், குளியலறைக்குக் கேட்கும்படி.

முனகல் தொடர்ந்தது.